இழுக்க இழுக்க வலுக்கும்

செருப்பு தேய்கிறது, பாதம் தடிக்கிறது

செருப்பு போட்டு நடந்தால் செருப்பு தேய்கிறது. ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டு. குதிகால் பக்கம் ஓட்டை விழுந்துவிடும். வெறுங்காலோடு நடப்பவரின் பாதம் தேய்ந்து ஓட்டையாவதில்லை. நாள்பட நாள்படத் தடித்து, சின்ன முள் குத்தினால் உறைக்காத அளவுக்கு இறுகிவிடுகிறது. மண்வெட்டிப் பிடி தேய்ந்து வழுவழுப்பாகிறது. அதைப் பிடித்த உள்ளங்கை காய்த்துப்போகிறது. உராய்வு ஒன்றுதான். ஒரு பக்கம் பொருள் குறைகிறது, மறுபக்கம் கூடுகிறது. இது எப்படி?

ஒன்றுக்கு உயிர் இருக்கிறது, மற்றொன்றுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் நகர்ந்துவிடுகிறோம். ஆனால் பாதத்தில் நடப்பதும் வேதியியல்தானே? அழுத்தமும் உராய்வும் பட்ட இடத்தில் தோலின் அடியடுக்குச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. கெரட்டின் என்ற புரதம் நிறைந்த மேலடுக்கு கனத்துக்கொண்டே போகிறது. தசையிலும் ஏறக்குறைய இதே கதை. பளு தூக்கும்போது தசையிழைகளில் விழும் இழுவிசையைச் செல்கள் உணர்கின்றன. ரத்தம் அமினோ அமிலங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறது. அவற்றைக் கோத்துப் புதுப் புரதம் கட்டப்படுகிறது. எலும்பும் தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் ஒரு தனி நூலாகவே எழுதினார்.

தோல், தசை, எலும்பு என்ற பெயர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஏற்பாடு தெரியும். சுமை எங்கே விழுந்தது என்று தெரிய ஒரு வழி வேண்டும். அந்த இடத்துக்குக் கட்டுமானப் பொருள் வந்து சேர வேண்டும். வந்தது அங்கேயே ஒட்டி நிலைக்க வேண்டும். செருப்பு ரப்பருக்கு இவற்றில் ஒன்றுகூட வாய்க்கவில்லை.

உயிரற்ற ஒரு பொருளுக்கு இவற்றைக் கொடுத்துவிட்டால்? ஜப்பானின் சப்போரோ நகரிலுள்ள ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஜியான் பிங் கோங் என்ற பேராசிரியரின் குழு அதைச் செய்து பார்த்தது. 2019 பிப்ரவரியில் ‘சயன்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டது. அவர்கள் கையிலெடுத்தது எஃகும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. பெரும்பகுதி தண்ணீராலான ஒரு ஜெல்!

தண்ணீரைக் கட்டிவைத்த வலை

நுங்கு ஒரு ஜெல். அகர்-அகரில் செய்யும் ஜெல்லியும் ஜெல்தான். குழந்தைக்குக் கட்டும் டயப்பருக்குள் இருக்கும் வெள்ளைத் தூள் ஈரத்தைக் குடித்ததும் ஜெல்லாகிறது. இவற்றுக்குள் எல்லாம் நூல்போல நீண்ட மூலக்கூறுகள் இருக்கின்றன. சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து உருவான நூல்கள் அவை. கோக்கப்படும் சிறு மூலக்கூறை ஒற்றைப்படி என்றும், கோத்து முடித்த நூலைப் பலபடி என்றும் சொல்வோம். பாலிமர் என்று நாம் பழகிய சொல்லும் இதைத்தான் குறிக்கிறது. நூல்களுக்கிடையே ஆங்காங்கே முடிச்சுப் போட்டால் வலையாகிவிடும். அந்த வலை தண்ணீரை விரும்பும் வகையாக இருந்தால், தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் கண்ணிகளுக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும். ஹைட்ரோஜெல் என்பது இதுதான்.

செயற்கை ஹைட்ரோஜெல்லை முதலில் நம் உடம்போடு சேர்த்துவைத்தவர்களில் செக் நாட்டு வேதியியலர் ஓட்டோ விக்டெர்லே முக்கியமானவர். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், பிராக் நகரிலிருந்த தன் வீட்டில், பிள்ளைகளின் மெர்க்கூர் விளையாட்டுக் கட்டுமானப் பெட்டியையும் ஒரு சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு சுழலும் கருவியை உருவாக்கினார். அதில் வார்த்ததுதான் மென்மையான கான்டாக்ட் லென்ஸ். அந்த லென்ஸைப் போடுபவர்களுக்கு ஜெல்லின் குறையும் தெரிந்திருக்கும்: நகம் பட்டால் கிழிந்துவிடும்.

ஏன் கிழிகிறது? சாதாரண ஜெல்லின் வலையில் நூல்கள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. இழுத்தால் குட்டையான நூல் முதலில் விறைக்கும், முதலில் அறும். அது தாங்கிய சுமை பக்கத்து நூலின்மேல் விழும், அதுவும் அறும். ஒரு கீறல் தொடங்கிவிட்டால் அதைத் தடுத்து நிறுத்த உள்ளே எதுவும் இல்லை. தண்ணீர் நிறைந்த பொருள் என்றாலே பலவீனம் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். இத்தனைக்கும் நம் முழங்கால் மூட்டின் குருத்தெலும்பிலும் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். அதன்மேல்தான் நாம் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

வலைக்குள் வலை

இந்த எண்ணத்தை மாற்றியதும் கோங் குழுதான், 2003இல். அவர்கள் செய்ததைக் கேட்டால் முதலில் தலைகீழாகத் தோன்றும். வலுவான ஜெல் வேண்டும் என்பதற்காக, எளிதில் நொறுங்கும் ஒரு வலையை வேண்டுமென்றே உள்ளே வைத்தார்கள்.

முதல் வலையின் நூல்களில் எதிர்மின்னூட்டம் கொண்ட பகுதிகள் உண்டு. தண்ணீரில் போட்டால் அந்த வலை பெருமளவு ஊதும். ஊதியதும் நூல்கள் ஏறக்குறைய முழு நீளத்துக்கு விறைத்துக்கொண்டு நிற்கும். இனி நீள இடமில்லாத நூல் சற்றே இழுத்தாலும் அறுந்துபோகும். இந்த ஊதிய ஜெல்லை அக்ரிலமைடு என்ற ஒற்றைப்படியின் கரைசலில் ஊறவைத்து, உள்ளுக்குள்ளேயே இரண்டாவது வலையை உருவாக்கினார்கள். இதில் நூல்கள் மிக நீளம், முடிச்சுகள் மிகக் குறைவு. தொளதொளவென்று எவ்வளவு இழுத்தாலும் வரும்.

தனித்தனியாக இரண்டுமே உதவாக்கரை. முதல் வலை மட்டும் கொண்ட ஜெல் அழுத்தினால் 0.4 மெகாபாஸ்கலில் உடைந்தது. இரண்டாவது மட்டும் என்றால் 0.8. இரண்டும் பின்னிக்கிடந்த ஜெல் தாங்கியது 17 மெகாபாஸ்கல்! ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் 170 கிலோவுக்கு மேல் எடை வைத்தது போன்ற அழுத்தம் அது. அந்த ஜெல்லிலும் சுமார் 90 விழுக்காடு தண்ணீர்தான்.

கூட்டிக் கழித்தால் வராத இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? இழுக்கும்போது முதல் வலை ஓரிடத்தில் மட்டும் அறுவதில்லை. இரண்டாவது வலை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பதால் விசை பரவுகிறது. முதல் வலை பல்லாயிரம் இடங்களில் சிறுசிறு துண்டுகளாக அறுகிறது. ஒவ்வொரு அறுப்பும் கொஞ்சம் ஆற்றலை விழுங்கிக்கொள்கிறது. கீறல் ஓடுவதற்கு மிஞ்சும் ஆற்றல் சொற்பம். அறுவதற்கென்றே வைத்த இந்தப் பிணைப்புகளை இத்துறையில் தியாகப் பிணைப்புகள் என்கிறார்கள்.

ஆனால் தியாகம் ஒருமுறைதான். அறுந்த முதல் வலை திரும்ப ஒட்டிக்கொள்வதில்லை. ஒருமுறை நன்றாக இழுத்துவிட்ட இரட்டை வலை ஜெல்லை மறுபடி இழுத்தால் முன்பைவிடத் தளர்ந்திருக்கும். செருப்பைப் போல இதுவும் உழைக்க உழைக்கத் தேயும் பொருள்தான். பதினாறு ஆண்டு கழித்து அதே குழு கேட்டது: அந்த அறுந்த முனைகளில் என்ன இருக்கிறது?

அறுந்த முனை என்ன செய்யும்

இரண்டு கார்பன் அணுக்களை இணைக்கும் பிணைப்பு என்பது இரண்டு எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுக்கொள்வது. நூலைப் பிடித்து இழுத்து அறுத்தால், பங்காளிகள் ஆளுக்கொரு எலக்ட்ரானை எடுத்துக்கொண்டு பிரிகிறார்கள். இரு முனைகளிலும் துணையில்லாத ஓர் எலக்ட்ரான் நிற்கும். இப்படி நிற்கும் பகுதியைத் தனி உறுப்பு என்பார்கள். கைகோத்து நின்ற வரிசை நடுவில் அறுந்தால், அறுந்த இடத்தில் நிற்பவரின் கை அடுத்த கையைத் தேடித் துழாவும் அல்லவா, அதே தவிப்பு இதற்கும் உண்டு. அருகில் ஓர் ஒற்றைப்படி வந்தால் பற்றிக்கொள்ளும். பற்றிய கணமே தவிப்பு புது முனைக்கு மாறும். அது அடுத்ததைப் பற்றும். நூல் தானே நீளத் தொடங்கிவிடும். பிளாஸ்டிக் ஆலைகள் பலவற்றில் அன்றாடம் நடக்கும் வினை இதுதான். அங்கே தனி உறுப்பை உண்டாக்க வெப்பமோ வேதிப்பொருளோ தேவைப்படும். இங்கே வெறும் இழுப்பு போதும்.

இழுத்தால் நூல் அறும் என்பது பழைய சங்கதி. லண்டனில் தாமஸ் ஹான்காக் 1820இல் ரப்பரை மென்று அரைக்கும் ஓர் இயந்திரம் செய்தார். அதற்குள் போன ரப்பர் இளகி வந்தது. ஏன் இளகுகிறது என்பது அவருக்குத் தெரியாது. இயந்திரத்துக்கு ‘ஊறுகாய்’ என்று பொருள்படும் பெயரிட்டு அதன் கமுக்கத்தைக் காத்துவந்தார். அரைக்கும் விசையில் ரப்பரின் நூல்கள் அறுகின்றன, அறுந்த முனைகளைக் காற்றின் ஆக்சிஜன் வந்து அடைத்துவிடுகிறது, அதனால்தான் மறுபடி இணையாமல் இளகிக் கிடக்கிறது என்பது 1950களில்தான் தெளிவாயிற்று. பிரிட்டனின் ரப்பர் ஆய்வாளர்கள் அப்போதே ஆக்சிஜனை விலக்கிவிட்டு, ரப்பரோடு ஒற்றைப்படிகளைச் சேர்த்து அரைத்தும் பார்த்தார்கள். அறுந்த முனைகளில் புது நூல்கள் முளைத்தன.

அப்படியானால் 2019 வரை காத்திருந்தது ஏன்? என் கணிப்பில் காரணம் இரண்டு. சாதாரணப் பொருளில், கணக்கில் கொள்ளத்தக்க அளவு பிணைப்புகள் அறுவதற்குள் பொருளே இரண்டு துண்டாகிவிடும். புதிதாக முளைத்து என்ன பயன்? இரட்டை வலை ஜெல்லில் ஏராளமாக அறுந்தும் பொருள் முழுதாக நிற்கிறது. மற்றொன்று, கெட்டியான ரப்பருக்குள் வேலை நடக்கும்போதே வெளியிலிருந்து கட்டுமானப் பொருளை அனுப்புவது கடினம். ஜெல்லுக்குள் தண்ணீர் இருக்கிறது. தண்ணீரில் கரைந்த சிறு மூலக்கூறுகள் உலாவிக்கொண்டு உள்ளே போய்விடும். பலவீனத்துக்குக் காரணமென்று பழிக்கப்பட்ட தண்ணீர்தான் இங்கே ரத்தத்தின் வேலையைச் செய்கிறது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு பயிற்சிக் கூடம்

சோதனையைப் படிப்படியாகப் பார்ப்போம். இரட்டை வலை ஜெல்லை நாடாவாக வெட்டி எடுக்கிறார்கள். முதல் வலை எந்த ஒற்றைப்படியால் ஆனதோ அதையே தண்ணீரில் கரைத்து, முடிச்சுப் போடும் மூலக்கூறையும் கொஞ்சம் சேர்த்து, நாடாவை அதில் ஊறவைக்கிறார்கள். ஆக்சிஜன் இருந்தால் ஹான்காக்கின் இயந்திரத்தில் நடந்ததே இங்கும் நடக்கும். தனி உறுப்புகளை ஒற்றைப்படிகள் எட்டும் முன்னே ஆக்சிஜன் கைப்பற்றிவிடும். எனவே அதை முற்றிலும் விலக்கிவிடுகிறார்கள்.

இப்போது ஜெல்லை இழுக்கிறார்கள். முதல் வலை ஆங்காங்கே அறுகிறது. அறுந்த இடந்தோறும் தனி உறுப்புகள் தோன்றுகின்றன. சுற்றிலும் மிதக்கும் ஒற்றைப்படிகள் அவற்றில் வரிசையாகக் கோத்துக்கொள்கின்றன. முடிச்சு மூலக்கூறும் கலந்திருப்பதால் வெறும் நூலாக நீளாமல் வலையாகவே வளர்கின்றன. பிறகு ஜெல்லைத் தளரவிடுகிறார்கள். மறுபடி இழுக்கும்போது ஜெல் முன்பைவிட அதிகம் எதிர்க்கிறது. எனவே இன்னும் கொஞ்சம் வலுவாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதில் இன்னும் சில பிணைப்புகள் அறுகின்றன. அங்கேயும் வலை முளைக்கிறது. ஒற்றைப்படி இல்லாத வெறும் தண்ணீரில் இதே ஜெல்லை இதேபோல இழுத்தால் தளர்ச்சிதான் மிஞ்சும்.

உண்மையிலேயே தனி உறுப்புகள்தான் காரணமா என்ற சந்தேகம் நியாயமானது. அதைச் சோதிக்க, இரும்பு அயனியும் ஒரு நிறக்காட்டியும் கலந்த கரைசலை ஜெல்லில் ஊறவைத்தார்கள். தனி உறுப்பு தோன்றினால் இரும்பு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும். நிறமும் கூடவே மாறும். இழுத்ததும் ஜெல்லின் நிறம் மாறியது.

முடிவில் கிடைத்த எண்கள்: ஜெல்லின் எடை 86 விழுக்காடு கூடியிருந்தது. வலிமை 1.5 மடங்காகியிருந்தது. விறைப்பு 23 மடங்காகியிருந்தது. கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விறைப்பு என்பது, இழுக்கத் தொடங்கும்போதே பொருள் காட்டும் எதிர்ப்பு. வலிமை என்பது, அறுந்துபோகும் கடைசித் தறுவாயில் அது தாங்கும் சுமை. பயிற்சி பெற்ற இந்த ஜெல் முன்பைவிட 23 மடங்கு முரண்டு பிடிக்கும். ஆனால் அறுப்பதற்கு முன்பைப்போல ஒன்றரை மடங்கு விசைதான் தேவைப்படும். உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தவர் 23 மடங்கு பலசாலியாகிவிட்டார் என்று விளம்பரம் எழுதுபவர்கள் கவனிக்க.

இன்னொரு சோதனை எனக்கு இதைவிடச் சுவையாகப் பட்டது. ஜெல்லுக்குக் கொடுக்கும் ஒற்றைப்படியை மாற்றினார்கள். வெப்பநிலை உயர்ந்தால் தண்ணீரை வெறுக்கத் தொடங்கும் ஒரு வகைப் பலபடி உண்டு; சுமார் 32 பாகை செல்சியஸில் அது குணம் மாறும். அதற்கான ஒற்றைப்படியை ஊட்டி இழுத்தபோது, அதுவரை வெப்பத்தைப் பொருட்படுத்தாத ஜெல், சூடாக்கினால் தண்ணீரை ஒதுக்கும் ஜெல்லாக மாறியது. தசை எவ்வளவு பயிற்சி செய்தாலும் தசையாகத்தான் தடிக்கும். இது, இழுக்கும்போது என்ன ஊட்டுகிறோமோ அந்தக் குணத்தையும் ஏற்றுக்கொள்கிறது.

எதையும் சேர்க்காமலே

அதே 2019இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஷுவான்ஹே சாவ் குழுவும் தசைப் பயிற்சியைப் பார்த்து ஒரு ஜெல் செய்தது. அவர்கள் வழி வேறு. பாலிவினைல் ஆல்கஹால் என்ற பலபடியின் ஜெல்லைத் தண்ணீருக்குள் வைத்து ஆயிரம் முறை இழுத்து இழுத்து விட்டார்கள். புதிதாக எதையும் ஊட்டவில்லை. கண்டபடி கிடந்த நுண்ணிழைகள் இழுத்த திசையில் வரிசையாக அணிவகுத்தன. ஜெல்லில் 84 விழுக்காடு தண்ணீர் இருந்தும் 5 மெகாபாஸ்கலுக்கு மேல் இழுவிசையைத் தாங்கியது, மென்மையும் குறையவில்லை, திரும்பத் திரும்ப இழுத்தாலும் கீறல் எளிதில் வளரவில்லை. செய்முறையும் எளிது.

ஆனால் உள்ளே இருந்ததை ஒழுங்குபடுத்துவதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லா இழைகளும் வரிசைக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் பயிற்சிக்கு வேலையில்லை. சப்போரோ ஜெல் எடை கூடி வளர்கிறது. பாதத்துக்கும் செருப்புக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொடுவது அதுதான் என்று நினைக்கிறேன். பயன்பாடு என்று வந்தால், இன்றைக்குக் கையில் கொடுத்துவிடக் கூடியது எம்.ஐ.டி. ஜெல்தான்.

எங்கே நிறுத்துவது

நம் உடம்பில் வளர்ச்சிக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. விண்வெளி நிலையத்தில் எடையில்லாமல் மிதப்பவரின் இடுப்பெலும்பு, தக்க பயிற்சி இல்லாவிட்டால், மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு அடர்த்தியை இழக்கிறது. சுமை போனதும் உடம்பு தேவையற்றதைக் கரைத்துவிடுகிறது. கோங் குழுவின் ஜெல்லுக்கு அது தெரியாது. வளர்ந்தது வளர்ந்ததுதான். ஒற்றைப்படியும் முதல் வலையில் அறுவதற்கு நூலும் இருக்கும் வரை வளரும். போதும் என்று தீர்மானிக்கும் உறுப்பு எதுவும் உள்ளே இல்லை.

மூட்டுக்குள் பொருத்த இப்போதைக்கு இது ஆகாது. ஒற்றைப்படியைக் கரைசலாக வெளியிலிருந்து மனிதர் ஊட்ட வேண்டும். உடம்பின் திசுக்களில் ஆக்சிஜனை விலக்க முடியாது. ஜெல்லின் மூலப்பொருள்களில் ஒன்றான அக்ரிலமைடு, பலபடியாகக் கோக்கும் முன் நரம்புகளுக்கு நஞ்சு.

இந்த வேதியியலை அக்குழு வேறொரு பக்கம் திருப்பியது. 2022இல், நுண்ணிய மேடுபள்ளங்கள் கொண்ட ஓர் அச்சை ஜெல்லின்மேல் அழுத்தினார்கள். அழுத்திய இடத்தில் மட்டும் பிணைப்புகள் அறுந்து, அங்கே மட்டும் புது வலை வளர்ந்தது. சில நொடிகளில் அச்சிலிருந்த வடிவம் ஜெல்லின் பரப்பில் எழும்பி நின்றது. அத்தகைய கோடுகளின்மேல் விட்ட செல்கள் கோட்டின் திசையிலேயே நீண்டு வளர்ந்தன. நீர்த்துளிகள் குறித்த திசையில் நகர்ந்தன. ஒளியும் வெப்பமும் இல்லாமல், வெறும் அழுத்தத்தால் ஒரு பரப்பின் வடிவத்தையும் வேதியியலையும் ஒருசேர மாற்ற முடியும் என்பதால், செல்வளர்ப்பு ஆய்வகங்களுக்கு இது பயன்படக்கூடிய கருவி.